குளியலறைக் கதவு சாத்தப்பட்ட செய்தி

அன்பும் மரியாதையும், அடி விழுமோ என்ற பயமும் கலந்து அக்காவுக்கு எழுதுவது.

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நேற்று நம் வீட்டுக் குளியலறைக் கதவு சாத்தப்பட்டது! பூட்டிய அறையில் வருடக்கணக்காகக் கிடந்து திரும்பிய உனக்கு, சாத்திய கதவைக் கண்டாலே மூச்சு முட்டியதால் நம் வீட்டுக் கதவுகளுக்கெல்லாம் நீண்ட விடுமுறை கொடுத்திருந்தோம் அல்லவா? திரைச்சீலைக்குப் பின்னால் நின்று, உள்ளே ஆள் இருப்பதைப் பாட்டாகப் பாடியே குளித்து வந்த நான், நேற்று வாயை மூடிக்கொண்டு குளித்தேன். பக்கத்து வீட்டு மாமா, "என்னடா, சத்தத்தையே காணோம்? உடம்பு சரியில்லையா?" என்று விசாரிக்கவே வந்துவிட்டார்.

என் அறைக் கதவையும் சாத்திக்கொண்டுதான் தூங்குகிறேன், ராஜா மாதிரி. நீ ஊரில் இல்லாததில் எனக்குக் கிடைத்த லாபம்.

அம்மா தையல் கடைக்குப் போகிறாள். ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டி வைத்தாளாம். முதலாளி திட்டவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. உன்னைத் தேடி போஸ்டர் ஒட்டிய காலத்துப் பசை வாளியை அப்பா தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். எதுக்குப்பா என்று கேட்டால், "சும்மாதான்டா" என்றார். எனக்கு அந்தச் 'சும்மா' பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னாய். பிறகு, நீ துணைக்குப் போயிருக்கும், உன்னைப் போலவே கடத்தப்பட்டு மீட்கப்பட்ட அந்தப் பெண் உன்னைத் தவிர யாரையும் பக்கத்தில் விடவில்லை, இன்னும் கொஞ்ச நாள் ஆகும் என்றாய். அதன் பிறகு போனே இல்லை. உன் அலுவலகத்துக்கே போய்க் கேட்டேன். "போன் மணி கேட்டாலே அந்தப் பொண்ணு நடுங்குறாளாம். அதான் உங்க அக்கா அணைச்சு வச்சிருக்கா. எழுதிக் குடு, நாளைக்குப் போற ஆள்கிட்ட அனுப்புறேன்" என்றார்கள். எனக்குப் புரிகிறது. என் காதுக்குத்தான் புரியவில்லை, போன் பக்கமே திரும்பிக்கொண்டிருக்கிறது.

உன்னைக் கடத்தியபோது நான் தவழ்ந்துகொண்டிருந்தேனாம். போஸ்டரில் பார்த்துத்தான் உன்னைத் தெரியும். நீ திரும்பி வந்து, யாரோடும் பேசாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தபோது, "போட்டோல உயரமா இருந்தியே?" என்று கேட்டு வைத்தேன். நீ சிரித்துவிட்டாய். அம்மா அடுப்படிக்குள் போய் அழுதாள். அந்தப் பெண்ணிடமும் அசட்டுத்தனமாக ஏதாவது கேட்டுப் பார். சரக்கு தீர்ந்தால் சொல், இங்கே மூட்டை மூட்டையாக இருக்கிறது.

அவள் பேசும்வரை நீ இரு. கடத்தப்பட்டவர்களுக்காக நீ மேடையில் பேசும்போது நான்தானே காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறேன்? ஆனால் அவளுக்குக் கேட்காதபடி வெளியே தெருவுக்கு வந்து, நம் வீட்டுப் போனுக்கு ஒரு தடவை மணி மட்டும் அடித்துவிட்டு வைத்துவிடு. பேச வேண்டாம். நாங்கள் எடுக்காமல் கேட்டுக்கொள்கிறோம்.

அந்தக் கதவு விஷயம்... சாத்தியது சத்தியம். தலைக்குச் சோப்புப் போடுவதற்குள் திறந்துவிட்டேன். பாட்டு நின்றதும் கதவைச் சாத்தியதால் அல்ல, எனக்குப் பாட வரவே இல்லை. என் அறைக் கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க இடுக்கில் செருப்பைச் செருகியிருக்கிறேன். உன் புதுச் செருப்புதான். நசுங்கிவிட்டது. வந்து திட்டு.

இப்படிக்கு,
உன் வாலு