மூச்சு முட்டாமல் சொல்ல வேண்டிய மூன்று வரிகள்

பிப்ரவரி 9

அன்புத் தங்கைக்கு,

நலமாக இருக்கிறேன் என்று எழுதிப் பழகிய கை, இந்த முறை கொஞ்சம் தயங்குகிறது. இருபத்திரண்டு வருடத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. உன் கல்யாணத்திலும் அம்மா போனபோதும் பார்த்துக்கொண்டோம், பேசிக்கொள்ளவில்லை. போன வாரம் உன் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்து, "மேடம் எதுவா இருந்தாலும் எழுதிக் குடுக்கச் சொன்னாங்க" என்று வைத்துவிட்டாள். சொந்த அண்ணனையே மனுப் போட வைக்கும் தங்கச்சி உலகத்தில் நீ ஒருத்திதான் இருப்பாய்.

விஷயத்துக்கு வருகிறேன். அக்டோபரில் மாரடைப்பு வந்தது. ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். சர்க்கரை பன்னிரண்டு வருடமாக உண்டு. நம் ஓட்டக் கிளப்பில் என்னை மறுபடி கோச்சாக மைதானத்தில் இறக்க ஒரு படிவம் கேட்கிறார்கள். இதய டாக்டர், "எக்ஸர்சைஸ் பிரிவுல கையெழுத்து வாங்குங்க" என்று அனுப்பினார். அந்தப் பிரிவின் பலகையில் உன் பேரைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் வந்துவிட்டது. நம் வீட்டு ஆள்தானே.

கூடவே ஆறு வாரப் பயிற்சிக் குறிப்பையும் இணைக்க வேண்டுமாம். அதை யார் உட்கார்ந்து படிக்கப் போகிறார்கள்? முப்பது வருடம் ஊரை ஓட வைத்தவனுக்கு நீ நடக்கச் சொல்லிக் கொடுக்கப் போகிறாயா? எதையாவது எழுதி, ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு. பழையதை மனசில் வைத்துக்கொள்ளாதே. என் குதிரைக்குட்டிக்கு அண்ணன்மேல் கோபம் இருக்கலாம், பாசம் எங்கே போகும்?

அன்புடன்,
அண்ணன்

*

பிப்ரவரி 15

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

கடிதமும் படிவமும் கிடைத்தன. போனில் பேசினால் பிறகு "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்பீர்கள். பட்டிருக்கிறேன். அதனால்தான் எழுதித் தரச் சொன்னேன்.

பழையதை மனசில் வைத்துக்கொள்ளாதே என்கிறீர்கள். மனசில் வைக்கவில்லை. குதிகாலில் வைத்திருக்கிறேன். இன்றைக்கும் இடது காலில் மட்டும் நுனிக்காலில் நிற்க என்னால் முடியாது. மேல் அலமாரியில் இருக்கும் பெட்டியை எடுக்கக் கணவரைக் கூப்பிடுகிறேன். ஒவ்வொரு முறையும் உங்களை நினைத்துக்கொள்கிறேன்.

உங்களுக்கு மறந்திருக்கும். எனக்குப் பத்தொன்பது வயது. அப்பா இல்லாத வீட்டில் நீங்கள்தான் அப்பா, நீங்கள்தான் கோச். குதிகால் மூன்று வாரமாக வலித்தது. தேர்வு ஓட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், "சத்து ஊசி, தெம்பா இருக்கும்" என்று ஒரு ஆளிடம் கூட்டிப்போனீர்கள். சத்து ஊசியை யாராவது குதிகாலில் போடுவார்களா என்று கேட்கத் தெரியவில்லை. அண்ணன் சொன்னால் சரிதான் என்று காலை நீட்டினேன். ஓட்டத்தின் வளைவில் யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன், யாருமே இல்லை. நீங்கள் ஸ்டாப்வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

படிக்கப் போன இடத்தில்தான் தெரிந்துகொண்டேன். அது ஸ்டீராய்டு ஊசி. வலியை அமுக்கும், ஏற்கெனவே புண்பட்ட தசைநாரைப் பலவீனமாக்கும், அதோடு ஓடினால் அறுந்துபோகலாம். உதை வாங்கியது போலத் தோன்றுவது தசைநார் அறுந்ததற்கு அடையாளம். பரீட்சையில் இந்தக் கேள்வி வந்தது. முழு மார்க் வாங்கினேன்.

ஆனால் கிளப்புக்கு நீங்கள் கொடுத்த அறிக்கையில், "வார்ம்-அப் செய்யாமல் ஓடினாள்" என்று ஒரே வரி. சோம்பேறி என்று என் பேரை அடித்துவிட்டார்கள். அந்தக் காலையில் நான் நாற்பது நிமிடம் வார்ம்-அப் செய்தேன், நீங்கள்தான் விசில் ஊதினீர்கள்.

இனி உங்கள் காரியம். கையெழுத்து சும்மா கிடைக்காது. பத்து நிமிடம் மெதுநடை, இருபது நிமிடம் கொஞ்சம் வேகம், மறுபடி பத்து நிமிடம் மெதுநடை. சட்டென்று நிற்கக் கூடாது, தலை சுற்றும். வெறும் வயிற்றில் போகக் கூடாது. சட்டைப் பையில் சர்க்கரை இருக்கட்டும். சர்க்கரை நோயாளிக்குப் பாதத்தில் புண் வந்தாலும் உறைக்காது, அதனால் தினமும் உள்ளங்காலைப் பாருங்கள். முக்கியமாக, நாடியை எண்ணாதீர்கள். படிவத்தில் குறித்திருக்கும் உங்கள் இதய மாத்திரை அதை ஏறவிடாது. எண்ணினால் ஏமாந்துபோவீர்கள்.

இப்படிக்கு,
எக்ஸர்சைஸ் பிரிவுத் தலைவர்

*

பிப்ரவரி 27

அன்புத் தங்கச்சிக்கு,

"நீங்கள்" போட்டு எழுதியிருக்கிறாய். கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

அந்த ஊசி விஷயம். எல்லாரும் அப்போது அதைத்தான் செய்தார்கள். நீ ஜெயிக்க வேண்டும் என்று என்னைவிட ஆசைப்பட்டவன் யார்? இவ்வளவு வருடம் கழித்து அதைக் கிளறி என்ன ஆகப்போகிறது?

நடக்க ஆரம்பித்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நாடியை எண்ணினேன். பழக்கம் விடவில்லை. என் மைதானத்துப் பையன்களை நூற்று நாற்பதுக்கு ஏற்றுவேன், எனக்கு நூறைக்கூடத் தாண்டவில்லை. வந்தது கோபம். வேகத்தைக் கூட்டினேன், ஓடியே பார்த்தேன். மூன்றாவது சுற்றில் உடம்பெல்லாம் வியர்வை, கண் இருட்டிக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். மைதான வாட்ச்மேன் இனிப்பாக டீ வாங்கி வந்து வாயில் ஊற்றினார். பத்து நிமிடத்தில் தெளிந்தேன். காலையில் சர்க்கரை மாத்திரை போட்டேன், சாப்பிட நேரமில்லை. உன் அண்ணியிடம் சொல்லாதே.

எனக்கு என்னமோ அந்த இதய மாத்திரைதான் என்னை இழுத்துப் பிடிக்கிறது என்று தோன்றுகிறது. அதை ஒரு வாரம் நிறுத்திப் பார்க்கட்டுமா? இதற்குப் போய் டாக்டரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். நீ சரி என்று எழுதினால் போதும். உன்னை நம்புகிறேன்.

அன்புடன்,
அண்ணன்

*

மார்ச் 3

அண்ணன் அவர்களுக்கு,

மாத்திரையை நிறுத்தாதீர்கள். இதை முதலில் எழுதிவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். "சரி" என்று நான் இரண்டு எழுத்து எழுதினால் போதும். அந்த மாத்திரையைத் திடீரென்று விட்டால் மறுபடி மாரடைப்பு வரலாம் என்று இந்தப் பிரிவில் நேற்று சேர்ந்த பெண்ணுக்குக்கூடத் தெரியும். அண்ணன் சொன்னார் என்று நான் காலை நீட்டினேன், தங்கச்சி சொன்னாள் என்று நீங்கள் மாத்திரையை நிறுத்தியிருப்பீர்கள். பேனாவைத் திறந்துகூட வைத்தேன். எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

உங்களுக்கு வந்தது சர்க்கரை இறக்கம். மாத்திரை போட்டு, சாப்பிடாமல், ஓடியிருக்கிறீர்கள். மற்றவர்களுக்கு அப்போது நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். இதய மாத்திரை அவற்றை மறைத்துவிடும், வியர்வை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். நடந்ததை உங்கள் டாக்டருக்கு எழுதிவிட்டேன், அண்ணிக்கும் சொல்லிவிட்டேன். நாளைக்கே டாக்டரைப் பாருங்கள். அவர் சரி என்ற பிறகு 13ஆம் தேதியிலிருந்து முதல் நாள் என்று கணக்கு.

நாடியை நம்ப முடியாத ஆளுக்கு நாங்கள் பேச்சை வைத்து அளவு பார்ப்போம். நடக்கும்போது முழு வாக்கியம் தடையில்லாமல் பேச வர வேண்டும். வார்த்தை நடுவில் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம், குறைக்க வேண்டும். நோயாளிகளுக்கு வழக்கமாக முகவரியையோ வாரநாட்களையோ சொல்லச் சொல்லுவோம். உங்களுக்கு நான் வேறு எழுதியிருக்கிறேன்:

"குதிகாலில் ஊசி போட வைத்தவன் நான். சத்து ஊசி என்று தங்கச்சியிடம் பொய் சொன்னேன். அவள் வார்ம்-அப் செய்தாள்."

இருபது நிமிட நடையில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை சத்தமாகச் சொல்ல வேண்டும். தினமும் நோட்டில் தேதி, நிமிடம், சொன்ன வரிகள், எந்த இடத்தில் மூச்சு வாங்கியது, எல்லாம் உங்கள் கையால் எழுதிக் கீழே கையெழுத்துப் போடுங்கள். நாற்பத்திரண்டு நாள்.

இப்படிக்கு,
எக்ஸர்சைஸ் பிரிவுத் தலைவர்

*

மார்ச் 8

ஏய்,

உனக்கு என்ன கொழுப்பு இருந்தால் இப்படி எழுதுவாய்? என் பையன்கள் ஓடுகிற மைதானத்தில் பைத்தியக்காரன் மாதிரி நான் இதைக் கத்திக்கொண்டு நடக்க வேண்டுமா? இது வைத்தியமா, பழிவாங்கலா?

உன் அண்ணி நான்கு நாளாக ஒரு வாய் காபிக்குக்கூட என்னைத் தனியாக விடுவதில்லை. காலையில் எனக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். போதுமா?

அண்ணன்

*

மார்ச் 11

அண்ணன் அவர்களுக்கு,

இரண்டும்தான்.

வேறு வாக்கியம் வேண்டுமென்றால் வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாம். உங்களைப் பார்க்கும் பொறுப்பை நானே வேறு ஒருவரிடம் கொடுத்திருக்க வேண்டும், முறை அதுதான். கொடுக்கவில்லை. கடைசிப் பரிசோதனையை மட்டும் என் கை படாமல் வேறு ஆள் செய்வார், அதில் உங்களுக்கு அநியாயம் நடக்காது.

முணுமுணுத்தால் கணக்கில் சேராது. முணுமுணுக்க மூச்சே வேண்டாம்.

எக்ஸர்சைஸ் பிரிவுத் தலைவர்

*

மார்ச் 30

அன்புத் தங்கச்சிக்கு,

பதினெட்டு நாள் முடிந்தது. நீ ஜெயித்தாய், வைத்துக்கொள்.

முதல் நாள் இரண்டாவது வரியில் "பொய்" என்ற இடத்தில் மூச்சு முட்டியது. வேகத்தைக் குறைத்தேன். ஆமை வேகத்துக்கு வந்தும் அந்த இடத்திலேயே முட்டியது. அதையும் நோட்டில் அப்படியே எழுதியிருக்கிறேன். ஆறாவது நாளிலிருந்து சரியாக வருகிறது.

பக்கத்தில் நடந்துவந்த உன் அண்ணி முதல் நாளே அப்படியே நின்றுவிட்டாள். "இதெல்லாம் நெசமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மூன்று நாள் கழித்து, "அந்தப் பொண்ணு கல்யாணத்துல நொண்டிக்கிட்டு வந்து உங்க கால்ல விழுந்துச்சே, அப்பகூட வாய் வரலையா?" என்று மட்டும் கேட்டாள். வாட்ச்மேனுக்கு மூன்று வரியும் மனப்பாடம். நான் ஒரு நாள் மறந்தபோது கேட்டிலிருந்தே எடுத்துக் கொடுத்தார். சிரிக்காதே.

உண்மையில் உடம்பு தேறிவிட்டது. மாடிப்படி ஏறினால் இரைப்பதில்லை. சீக்கிரம் கையெழுத்துப் போடு. மைதானத்தில் ஒரு பெண் இருக்கிறாள், பதினேழு வயது, அப்படியே நீதான். ஜூனில் தேர்வு ஓட்டம். ஒரு மாதமாகக் குதிகால் வலி என்று உட்கார்ந்திருக்கிறாள். இப்போது இருக்கும் சின்னப் பையன் கோச் ஓய்வு கொடுத்து வைத்திருக்கிறான், ஒன்றும் தெரியாதவன். நான் உள்ளே போனால் இரண்டே நாளில் ஓட வைத்துவிடுவேன். எனக்கு வழி தெரியும்.

அன்புடன்,
அண்ணன்

*

ஏப்ரல் 24

என் குதிரைக்குட்டிக்கு,

நோட்டு இத்துடன் இருக்கிறது. நாற்பத்திரண்டு நாள், ஒன்றுகூட விடவில்லை. எண்ணிப் பார்த்தால் நூற்று அறுபத்தெட்டு முறை சொல்லியிருக்கிறேன். பரிசோதனை செய்த பையன், "சார், உங்க வயசுக்கு அருமை" என்றான்.

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. கோபம் தீர்ந்து அழுதிருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் லேசாகத்தான் இருக்கிறது. நமக்குள் இருந்ததை நமக்குள்ளேயே தீர்த்துக்கொண்டோம். இனி யாருக்கும் தெரிய வேண்டாம். மனசு ஆறிவிட்டதா? ஒரு முறை "அண்ணா" என்று எழுது. படிவத்தை நேராகக் கிளப்புக்கே அனுப்பிவிடு.

ஆசையுடன்,
அண்ணன்

*

மே 2

அண்ணா,

எழுதிவிட்டேன், பார்த்துக்கொள். இனி "நீ" என்றே எழுதுகிறேன்.

படிவத்தில் "உடல் தகுதி உண்டு" என்று கையெழுத்துப் போட்டேன். பொய் எழுத மாட்டேன், அது உன் வழக்கம். படிவத்தில் கேட்டபடி பயிற்சிக் குறிப்பையும் இணைத்துக் கிளப் செயலாளருக்கு அனுப்பினேன். நாற்பத்திரண்டு பக்கம். நான் ஒரு புள்ளிகூடச் சேர்க்கவில்லை. எல்லாப் பக்கத்திலும் உன் கையெழுத்து, உன் தேதி. அந்தச் சின்னப் பையன் கோச்சிடம் விலாசம் வாங்கி, ஒரு படியை அந்தப் பதினேழு வயதுப் பெண்ணின் அம்மாவுக்கும் அனுப்பினேன்.

முதலில் இந்த மூன்று வரிகளை உன் வாயால் சொல்ல வைப்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அத்தோடு நோட்டை உன்னிடமே திருப்பிக் கொடுத்திருப்பேன். சத்தியமாகக் கொடுத்திருப்பேன். ஆனால் பதினெட்டு நாள் அதைச் சொன்ன வாயோடு, "எனக்கு வழி தெரியும்" என்று எழுதினாய். உன் மூச்சுதான் தேறியிருந்தது.

யார் உட்கார்ந்து படிக்கப் போகிறார்கள் என்று கேட்டாய். செயலாளர் படித்துவிட்டார். போன் செய்தார். எழுதிக் கொடுக்கச் சொன்னேன், கொடுத்தார். இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய அறிக்கையில் உன் வரியை அடித்துவிட்டார்களாம். இனி எந்த ஓட்டக்காரர் பக்கத்திலும் உன்னை விட மாட்டார்களாம். அந்தப் பெண் நேற்று அம்மாவோடு எங்கள் பிரிவுக்கு வந்தாள். படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல இறக்கி ஏற்றும் பயிற்சி ஆரம்பித்திருக்கிறோம். ஜூன் தேர்வுக்கு அவள் ஓட மாட்டாள். அடுத்த வருடம் ஓடுவாள். எனக்கு அடுத்த வருடம் என்று ஒன்று இல்லாமல் போனது.

மனசு ஆறிவிட்டதா என்று கேட்டிருந்தாய். இல்லை. ஆனால் நேற்று பகல் முழுக்க எனக்கு வாயில் பாட்டு வந்துகொண்டே இருந்தது. அண்ணியிடம் பேசினேன், அவரும் உன்மேல் இரக்கப்படவில்லை.

மாத்திரையை விடாதே. சாப்பிடாமல் கிளம்பாதே. உள்ளங்காலைப் பார். தினமும் நட. உனக்கு ஐம்பத்தைந்துதான் ஆகிறது, இப்படியே போனால் இன்னும் இருபத்திரண்டு வருடம் தாராளமாக இருப்பாய். எனக்கு நீ இருக்க வேண்டும் அண்ணா. நான் எத்தனை வருடம் நொண்டினேனோ அத்தனை வருடம் நீ நன்றாக நடக்க வேண்டும், அதுவும் அந்த மைதானத்து வாசல் வழியாக. வாட்ச்மேன் எப்போதாவது அந்த மூன்று வரியை எடுத்துக் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் சேர்ந்து சொல்லு. இப்போது உனக்கு மூச்சு முட்டாது.

தங்கச்சி