முசே இரை எடுக்கவில்லை

சேசு மரி சூசை துணை

முதலியார்பேட்டை, புதுச்சேரி
17-9-1957

அன்புள்ள அகஸ்டினாவுக்கு,

நான் நலம். அம்மாவும் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்பதுதான் தெரியவில்லை. போன கடிதத்துக்குக் காரைக்காலிலிருந்து ஒரு வரி பதில் இல்லை. தபாலில் தொலைந்தது என்று நான் நம்ப மாட்டேன். உன் அப்பா வாங்கிப் படித்துவிட்டுச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டாரோ என்று சந்தேகம். இதையும் அவர்தான் பிரிப்பார் என்றால், மாமா, படித்து முடித்ததும் தயவுசெய்து அவளிடம் கொடுத்துவிடுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். முசேவுக்கு உடம்பு சரியில்லை.

பஸ் ஏறும்போது நீ என்ன சொன்னாய்? என் பச்சோந்தி உயிரோடு இருந்தால்தான் திரும்பி வருவேன், இல்லாவிட்டால் இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்றாய். சும்மா சொல்கிறவள் இல்லை நீ. அதனால் மறைக்காமல் எழுதுகிறேன்.

பத்து நாளாக அது சரியாக இரை எடுக்கவில்லை. பச்சை நிறமே வருவதில்லை. எந்நேரமும் கறுத்துக் கிடக்கிறது. பிரெஞ்சுக்கார துரை மாதிரி நிதானமாக அடி வைக்கிறது என்றுதானே முசே என்று பெயர் வைத்தாய். இப்போது கிளையில் நிற்கவே தடுமாறுகிறது. கால் உதறுகிறது.

தீனியில் நான் குறை வைக்கவில்லை. மில்லில் மெஷினோடு மாரடித்துவிட்டு வந்து வெட்டுக்கிளி பின்னால் ஓட என்னால் முடியாது. நல்லவேளையாக மலேரியா ஆட்கள் வந்து வீட்டுச் சுவரெல்லாம் டி.டி.டி. மருந்து அடித்துவிட்டுப் போனார்கள். சன்னல் ஓரம் ஈ தானாக விழுந்து கிடக்கிறது. அசையாததை முசே தொடாது என்பதால், இன்னும் காலை ஆட்டுகிற ஈயாகப் பொறுக்கி வேளைக்கு வேளை போட்டேன். தண்ணீரை இலையில் தெளிக்கச் சொன்னாய். கிண்ணத்தில் வைத்தால் அளவு தெரியும் என்று கிண்ணத்தில் வைத்தேன். தினமும் குறைந்தது. ஆக, எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு ஏன் உடம்பு கெட வேண்டும்?

அம்மா மேல்தான் சந்தேகம் வந்தது. குழந்தை தவறின அன்று அவள் அந்தக் கூண்டைக் காட்டித்தானே அழுதாள்? வயிற்றுப் பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் நிறம் மாறுகிற ஜந்து ஆகாது என்றாள். நீ போன பிறகும் விடவில்லை. அசல் முசேக்கள் எல்லாம் கப்பலேறிப் போயாச்சு, இது ஒண்ணு மட்டும் நம்ம வீட்ல குந்திகினு தின்னுது என்று பக்கத்து வீட்டு ராஜாம்பாளிடம் சொல்லிச் சிரித்தாள்.

ஒருநாள் வேலை முடிந்து வந்தால் கூண்டுக்கடியில் தரை ஈரம். பக்கத்தில் அம்மாவின் சொம்பு. முகர்ந்து பார்த்தேன், ஒரு வாசனையும் இல்லை. எலி பாஷாணத்துக்கு என்ன வாசனை இருக்கப்போகிறது? மறுநாளே கூண்டுக்குப் பூட்டுப் போட்டேன். பொண்டாட்டிய வச்சுக்கத் தெரியல, ஓணானுக்குப் பூட்டா என்று கேட்டாள். பூட்டின பிறகு அது இன்னும் மோசமாகிவிட்டது. கண் இரண்டும் குழிக்குள் போய்விட்டன. முன்னாலேயே கொடுத்த விஷம் இப்போது வேலை செய்கிறது என்று முடிவே கட்டிவிட்டேன்.

நேற்று மில்லில் கரண்டு போய்விட்டது. சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். தோட்டத்துப் பக்கம் அம்மா கூண்டு முன்னால் குந்திக்கொண்டு, சொம்புத் தண்ணீரை விரலால் தொட்டுத் தொட்டுக் கம்பி வலை வழியாக இலை மேல் தெளித்துக்கொண்டிருந்தாள். குடிடா முசே, குடிச்சித் தொல, நீ செத்தா அவ வரமாட்டா, அவ வரலன்னா இந்தத் தடியன் என் உயிர எடுத்துடுவான் என்று அதைத் திட்டிக்கொண்டே தெளித்தாள். அது கண்ணை மூடிக்கொண்டு இலையை நக்கி நக்கிக் குடித்தது. நான் வைத்த கிண்ணத்தில் அது வாயே வைத்ததில்லையாம். வெயில்தான் குடித்திருக்கிறது.

இதை ஏன் எனக்குத் தெரியாமல் செய்ய வேண்டும் என்று அதட்டினேன். உனக்குத் தெரிஞ்சா, அத்தை எறங்கி வந்துட்டாங்கன்னு அவளுக்கு எழுதிப்புடுவ என்றாள். எழுதிவிட்டேன்.

பூட்டைத் திறந்து வழக்கம்போல ஈயைப் போட்டேன். கீழே ஈ காலை உதறியது. மேலே முசேவும் காலை உதறியது. இரண்டும் ஒரே உதறல். மெஷினில் ஒரு சத்தம் மாறினால் எந்தச் சக்கரப் பல்லில் கோளாறு என்று சொல்கிறவன் நான். இது அப்போதுதான் மண்டையில் ஏறியது. அம்மா கையில் விஷத்தைத் தேடினேன். டி.டி.டி. பட்டு விழுந்த ஈயை வேளை தவறாமல் போட்டவன் நான்.

கூண்டைக் கழுவிவிட்டேன். இன்று விடிந்ததும் உப்பளம் பக்கம் போய், மருந்து படாத வெட்டவெளிப் புல்லில் வெட்டுக்கிளி பிடித்து வந்தேன். முசே ஒரு கண்ணைத் திருப்பிப் பார்த்தது. நாக்கை நீட்டியது, குறி தப்பிவிட்டது. மறுபடி நீட்டவில்லை. தண்ணீர் மட்டும் குடிக்கிறது. அம்மாதான் கொடுக்கிறாள்.

பிழைக்குமா என்று எனக்குத் தெரியாது. செத்தால் செத்தது என்றுதான் எழுதுவேன். வேறொன்றைப் பிடித்து வைத்து உன்னை ஏமாற்ற மாட்டேன்.

இன்னொன்று. அம்மா அன்று சொன்னதை நானும் நம்பினேன் என்று நினைத்துத்தான் போனாயா? நான் நம்பவில்லை. அம்மாவும் இப்போது நம்பவில்லை போலிருக்கிறது. கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டாள். யார் மேலும் குற்றமில்லை, அகஸ்டினா. உன் மேலும் இல்லை.

நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? மாமா சொல்லி யாரோ எழுதுவது வேண்டாம். உன் கையால் ஒரு வரி எழுது. முசே பிழைத்தாலும் சரி, பிழைக்காவிட்டாலும் சரி, நீ வந்துவிடு.

மாதா உன்னைக் காப்பாற்றட்டும்.

உன்
அலெக்சாண்டர்