மைத்துனனும் பிரெஞ்சுப் படையும்

14 பிப்ரவரி 1954, ஞாயிறு

ராகலையிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்து மகள் பூரணியின் கல்யாணத்தை உறுதி செய்துவிட்டுப் போனார்கள். வைகாசியில் முகூர்த்தம். புறப்படும்போது மாப்பிள்ளையின் தகப்பனார், "பொண்ண மணவறைக்கு அழைச்சிட்டு வர்றது தாய்மாமன்தானுங்களே?" என்றார். என் பெரியப்பா மகன் அழைத்து வருவார் என்றேன். அவர் முகம் சுருங்கிற்று. தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போன சீதாலெட்சுமி பிறகு வெளியே வரவே இல்லை.

தாய்மாமன் இல்லாமல் இல்லை. சீதாலெட்சுமியின் தம்பி சிதம்பரநாதன் ஹட்டனில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறான். 1946இல் வாசகசாலைத் திறப்பு விழாவில், என் வரவேற்புரையின் நடுவில், நேரமாகிவிட்டது என்று மணியடித்தவன். ஆறாம் வகுப்போடு நின்றவன், லண்டன் மெட்ரிகுலேஷன் தேறியவனைப் பார்த்து மணியடித்தான்! சபை சிரித்தது. அன்றே சீதாலெட்சுமியிடம் சொல்லிவிட்டேன், அவன் வீட்டு வாசலை இனி நாம் யாரும் மிதிப்பதில்லை என்று. தோட்ட ஆபீசில் எனக்குப் பின்னால் வந்தவனைப் பெரிய கிளாக்கராக்கிய துரையைக்கூட மன்னித்துவிடலாம். இவனை எப்படி?

21 பிப்ரவரி

வாசகசாலையில் இன்று இந்தோசீனச் சண்டையைப் பற்றிப் பேச்சு. மழைக்காலத்துக்குள் பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டிவிடுவான் என்று சிதம்பரநாதன் சொன்னான். பஸ்ஸில் வரும்போது நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். ஆனால் அவன் வாயிலிருந்து வந்தபோது பொறுக்கவில்லை. பக்கத்திலிருந்த வீரய்யா வாத்தியாரிடம், பிரெஞ்சுப் படை ஜெயித்துக்கொண்டிருக்கிறது என்று அவரிடம் சொல்லுங்கள் என்றேன்.

"ரெண்டடியிலதான் உக்காந்திருக்காரு கிளாக்கரய்யா. அவரு காதும் நல்லாத்தான் இருக்கு" என்றார் வாத்தியார். இருந்தாலும் சொன்னார். பதிலையும் வாங்கி வந்து என்னிடம் சொன்னார்.

சொன்னது சொன்னதுதான். இனி பிரெஞ்சுப் படை என் பொறுப்பு.

17 மார்ச்

தியன் பியன் பூ என்ற இடத்தில் பிரெஞ்சுக் கோட்டையை அந்த நாட்டுக்காரர்கள் சுற்றி வளைத்துவிட்டார்களாம். இந்தச் சமயம் பார்த்தா?

28 மார்ச், ஞாயிறு

இருவருக்கும் நடுவில் தபால்காரன் வேலை பார்த்து அலுத்துவிட்டது என்று வீரய்யா வாத்தியார் சபையில் சொல்லிவிட்டார். மே ஒன்பதாம் தேதி விவாதம். 'இந்தோசீனாவில் பிரெஞ்சுப் படையெடுப்பு வெற்றி பெறுகிறதா?' வெற்றி என்று நான். இல்லை என்று அவன். தலைமை வகிப்பவர் வாத்தியார்.

எட்டு வருடத்தில் இவ்வளவு உற்சாகமாக நான் வீடு திரும்பியதில்லை.

18 ஏப்ரல்

குறிப்பு எடுக்க உட்கார்ந்தால் எல்லாச் செய்தியும் எனக்கு எதிராகவே இருக்கிறது. விமானம் இறங்க முடியவில்லையாம், உணவைக்கூட மேலிருந்து போடுகிறார்களாம். ரசத்தை ஊற்றிக்கொண்டே சீதாலெட்சுமி கேட்டாள்: "எட்டு வருசமா அங்க போய் உக்காந்திருக்காங்களே, போன காரியம் முடிஞ்சிச்சா?"

அவளிடம் மறைப்பானேன்? "மலையெல்லாம் அடுத்தவன் கையில. மலை மேல இருக்கறவன் உருட்டுன கல்லு பள்ளத்து லயத்து வீட்டு மேலதான் விழும்" என்றேன். வெளியில் மூச்சு விடாதே என்றும் சொல்லி வைத்தேன்.

29 ஏப்ரல்

ஐந்து நாட்டுப் பிரதமர்கள் கொழும்பில் கூடி இந்தோசீனாவைப் பற்றிப் பேசுகிறார்கள். இந்தியாவா இலங்கையா, நான் எந்த நாட்டுப் பிரஜை என்று இன்னும் எவரும் எழுதித் தரவில்லை. நானும் இந்தோசீனாவைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

8 மே, சனி

கோட்டை விழுந்துவிட்டது. நேற்றே. என் விவாதத்துக்கு இரண்டு நாள் பொறுக்க முடியவில்லை பிரெஞ்சுக்காரனுக்கு!

9 மே, ஞாயிறு

மழை. சந்தைக்கு வந்த கூட்டமெல்லாம் வாசகசாலைக்குள் ஒதுங்கிவிட்டது. பெண்கள் பக்கத்திலும் இடமில்லை. சீதாலெட்சுமியும் பூரணியும் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். விவாதத்தைத் தள்ளி வைத்துவிடலாமா என்று வாத்தியார் காதோடு கேட்டார். மாட்டேன் என்றேன். பயந்து ஓடினான் என்று அவன் சொல்வதற்கா?

எழுந்து நின்றேன். கோட்டை விழுந்த செய்தி வந்திருக்கிறது. ஹட்டனுக்கு எந்தச் செய்தியும் ஒரு நாள் பிந்தித்தான் வரும். இதற்குள் மறுபடி கட்டி முடித்திருந்தாலும் இருக்கும் என்று ஆரம்பித்தேன். சபை சிரித்தது. வேடிக்கை என்னவென்றால், இந்தச் சிரிப்பு வலிக்கவில்லை. கடல் இன்னும் பிரெஞ்சுக்காரன் கையில், பெரிய பட்டணங்களும் அவன் கையில், ஒரு பக்கம் மண் சரிந்தால் தோட்டத்தையே இழுத்து மூடிவிடுகிறோமா என்று கேட்டேன். கைதட்டினார்கள். நம்பாத ஒன்றுக்காக இவ்வளவு நன்றாகப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது.

பிறகு அவன். சபைக்கு வணக்கம்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் விஷயத்துக்கு நேராக வந்துவிட்டான். "ஒரு ஊர்ல எட்டு வருசமா பட்டாளத்தோட உக்காந்திருக்கான். அந்த ஊர்ச் சனம் எத்தன பேரு அவன் பக்கம் வந்தாங்க? சோறு ஆகாசத்துலேருந்து விழணும். இதுக்குப் பேரு வெற்றியா?" கொஞ்சம் நிறுத்தி என் பக்கம் திரும்பினான். "எங்க மச்சானுக்கே இதுல நம்பிக்க இல்லீங்க. மலை மேல இருக்கறவன் உருட்டுன கல்லு பள்ளத்து லயத்து வீட்டு மேலதான் விழும்னு, ரசம் சாப்பிடறப்ப சொன்னவரே அவருதான்."

கூரை இடிந்துவிடும் போலச் சிரிப்பு. என் அடுப்படியில் ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு ஆளிடம் சொன்னது. பெண்கள் பக்கம் பார்த்தேன். பூரணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பில் குலுங்கினாள். சீதாலெட்சுமி தலை குனியவில்லை. என்னையே நேராகப் பார்த்தாள்.

பிரெஞ்சுக்காரர் தோற்றார்கள், பேச்சில் கிளாக்கரய்யா ஜெயித்தார் என்று வாத்தியார் தீர்ப்புச் சொன்னார். அது என் காதில் பாதிதான் விழுந்தது.

வரும் வழியில் கேட்டேன், எப்போதிலிருந்து என்று.

"நீங்க போகக்கூடாதுன்னு சொன்னீங்கள்ல, அதுக்கு அடுத்த ஞாயித்துக்கெழமையிலேருந்து."

"கோயிலுக்குன்னுதானே போன?"

"கோயிலுக்கும் போனேன்."

பூரணிக்குக் கூறைச் சேலைகூடத் தம்பி எடுத்து வைத்துவிட்டானாம்.

10 மே

கோபமாக இருக்கிறேன்.

12 மே

எட்டு வருசமா யாரத் தடுத்து வச்சிருந்தேன் நான்? என்னைய மட்டுந்தானே?

அப்புறம் ஞாபகம் வந்தது, அந்த எலுமிச்சை ஊறுகாய். கோயிலில் பழக்கமான ஒரு பெண் கொடுத்தாள் என்பாள் சீதாலெட்சுமி. இந்த ஹட்டனிலேயே கைப்பக்குவம் உள்ள ஒரே பெண்பிள்ளை அவள்தான் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! சிதம்பரநாதன் பெண்டாட்டி போட்டது அது. எதிரி வீட்டு ஊறுகாயைத் தொட்டுக்கொண்டே எதிரியைத் திட்டியிருக்கிறேன். ஆபீசில் உட்கார்ந்திருந்தபோது சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. பெரிய கிளாக்கர் எழுந்து வந்து உடம்புக்கு என்ன என்று கேட்டார். அவரிடம்கூட நல்லபடியாகப் பதில் சொன்னேன்.

16 மே, ஞாயிறு

வெற்றிலைத் தட்டோடு சீதாலெட்சுமி, பூரணி, நான். ஜவுளிக்கடைப் படியேறும்போது கால் கொஞ்சம் தயங்கியது. உள்ளே வீரய்யா வாத்தியார் வேட்டிக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்.

சிதம்பரநாதன் என்னைப் பார்த்தான். கைகள் துணியை மடித்துக்கொண்டே இருந்தன. "வாத்தியாரே, இவருக்கு என்ன வேணுமாம்னு கேளுங்க" என்றான்.

வாத்தியார் வாயைத் திறப்பதற்குள் நானே சொன்னேன். "பூரணிக்குத் தாய்மாமன் வேணும்."

மடித்த துணி கீழே விழுந்தது. தட்டை வாங்க வந்தவன், வாங்காமல் என் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. எப்போது நரைத்தது?

"உக்காருங்க மச்சான்" என்றான்.

10 ஜூன், வியாழன்

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. சிதம்பரநாதன் பூரணியின் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வந்தான். எனக்குக் கண் எரிந்தது. ஓமப் புகை என்று கேட்டவர்களிடம் சொன்னேன்.

பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலை. ஜெனீவா மாநாட்டில் அந்த இந்தோசீன நாட்டை இரண்டாக வெட்டிவிடுவார்கள், அதோடு சண்டை தீர்ந்தது என்று ஆரம்பித்தான். வெட்டினால் எப்படித் தீரும், வெட்டிய இடத்தில்தான் அடுத்த சண்டை முளைக்கும் என்றேன். மச்சானுக்குப் பேப்பர் படிக்கத் தெரியாது என்றான். ஆறாம் வகுப்புக்கு அவ்வளவுதான் விளங்கும் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. எதிர்ப் பந்தியிலிருந்த ராகலைச் சம்பந்தி பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்து, இது என்ன சண்டை, பெரியவர்கள் யாராவது விலக்கக் கூடாதா என்று சீதாலெட்சுமியிடம் பதறினார்.

அவள் பாயச வாளியைக் கீழே வைக்காமலே சொன்னது எனக்கும் கேட்டது.

"சண்டையெல்லாம் இல்லீங்க. பேசாம வச்சிருந்ததெல்லாம் பேசிக்கிறாங்க. நீங்க போய்ச் சாப்பிடுங்க, இது இன்னிக்கு முடியாது."