ஆதாரம் கேட்டுவிட்டேன்

இந்நேரத்தில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. பாப்பா இப்போதுதான் தூங்கினாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு நோட்டில் எழுதுகிறேன். நிமிர்த்தினால் உன் படம் வந்துவிடும், ஓரமெல்லாம் பூ வைத்து.

காலையில் நம் சிவில் இன்ஜினியரிங் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்ட படம் அது. பார்த்ததும் கை தானாக, "ஆதாரம்?" என்று போட்டுவிட்டது. எந்தச் செய்தி வந்தாலும் நாம் அப்படித்தானே கேட்போம். இரண்டு பேர் சிரிப்பு முகம்கூடப் போட்டார்கள்.

நீ ஒட்டவைத்த பழக்கம் இது. மூன்றாம் ஆண்டு, உமிச்சாம்பல் கலந்த கான்கிரீட் பிராஜெக்ட். அந்தப் பாடத்திலேயே வாரம் ஒரு வகுப்பு நூலகத்தில். எழுதும் ஒவ்வோர் எண்ணும் எங்கே பிறந்தது என்று தேடிக் காட்ட வேண்டும் என்றார் பாடம் எடுத்த மேடம். நான் சீனியர் அறிக்கையைப் பார்த்து அப்படியே எழுதினேன். நீ விடவில்லை. அவர் யாரைப் பார்த்து எழுதினார், அந்த ஆள் யாரைப் பார்த்தார் என்று துரத்திக்கொண்டே போனாய். கடைசியில் பெயரே இல்லாத ஓர் இணையப் பக்கம்.

"அனாதை நம்பருடி இது. இத்த நம்பி வூடு கட்னா நம்ம தலமேலதான் வியும்."

நாமே சோதித்துப் பார்க்க, வாலாஜாபாத் அரிசி மில்லில் சாம்பல் மூட்டை வாங்கி பஸ் ஏறினோம். "இன்னாம்மா, யார் அஸ்தி இவ்ளோ பெருசா?" என்றார் கண்டக்டர். "எங்க மார்க்கோடது, அண்ணா" என்றாய்.

பாப்பா பிறந்த பிறகு எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். காய்ச்சலுக்கு மூக்கில் எண்ணெய் விடச் சொல்லி வந்த செய்தியை உனக்கு அனுப்பினேன். "சொன்னவன் பேரு போட்டுக்கிதா? இல்லல்ல? போன வெச்சிட்டு ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு."

இன்று என் கேள்விக்குப் பதில் உன் எண்ணிலிருந்தே வந்தது. நீதான் என்று சிரித்துக்கொண்டே திறந்தேன்.

"அவ வூட்டுக்காரன் பேசறேம்மா. நேத்து ராத்திரி மூச்சு வாங்கிச்சி. என் கையிலதான் போயிட்டா."

மதியம் தென்னேரிக்கு உன் வீட்டுக்கு வந்து உன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். இதற்குமேல் தேடிப் போக இடமில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

உத்திரமேரூர் திரும்பும் பஸ்ஸில் ஒரு செய்தி வந்தது. நாளை பாப்பாவுக்குப் போட வேண்டிய தடுப்பூசி ஆபத்தானதாம். எழுதியவர் பெயர் இல்லை. காலையில் ஊசி போடுமுன் டாக்டரிடமே கேட்டுவிடுவேன், நீ காட்டிய வழியில். ஆனால் பஸ்ஸிலேயே விரல் உனக்கும் அனுப்பிவிட்டது.

சீக்கிரம் பதில் போடு.