சக்கரத்துக்கு வைத்த எலுமிச்சம்பழம்

புரட்டாசி, ஞாயிற்றுக்கிழமை.

இன்று வீட்டில் இருந்தவர்கள் நான், மகன் கணேசன், மருமகள் உஷா, பேத்தி மித்ரா, அவளுடைய சிநேகிதர்கள் சுபோவும் ரிங்குவும்.

சின்னவர்கள் மூவரும் லடாக் வரை மோட்டார் சைக்கிளில் போய், மத்தியானம் லேக் கார்டன்ஸில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார்கள். முகமெல்லாம் கரி. கை கால் முழுசாக வந்ததே போதும் என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

எத்தனை ஊர்க் கண் பட்டதோ! ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் தலையைச் சுற்றி, வண்டிச் சக்கரத்தில் நசுக்குவதற்காக வாசற்படியில் வைத்தேன். சூடம் எடுத்துக்கொண்டு திரும்பினால் இரண்டு பழம்தான் இருக்கிறது. சுபோ கையில் சர்பத்.

"திதா, ரொம்ப நல்லா இருக்கு. இன்னொண்ணு கிடைக்குமா?" பாட்டியை அவன் பாஷையில் அப்படித்தான் கூப்பிடுவான்.

"அடப்பாவி, அது உன் திருஷ்டிடா! அதையேவா குடிச்சே?"

மித்ரா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்புதான், ஆனால் அவன் இன்னும் பவானிபூர் வரை வண்டி ஓட்ட வேண்டுமே. உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டுத்தான் அனுப்பினேன். "வீட்டுக்கு வந்துட்டேன் திதா" என்று அவன் போன் செய்த பிறகுதான் எனக்குக் காபி இறங்கியது.

வங்காளிப் பிள்ளை, அவனுக்கு என்ன தெரியும்? நான் சுற்றியதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, அதையே நறுக்கிச் சர்க்கரை போட்டுக் கலக்கியவளுக்குத் தெரியாதா? "ஃப்ரிஜ்ல பழமே இல்லம்மா, தாகம்னு கேட்டான்" என்கிறாள். தலை தீபாவளிக்கு நான் கொடுத்தனுப்பிய லேகியத்தை இருமல் மருந்து என்றதையே நான் மறக்கவில்லை. இதை மன்னிப்பேனா, உஷாவை?