ஆடிட் வாரமும் உருகிய ஈயமும்

மார்ச் 4, செவ்வாய்
காலையிலேயே வெயில். ஆம்பூர் பஸ்ஸில் நின்றபடி. நான் வேலை செய்யும் ஷூ கம்பெனியில் வெள்ளிக்கிழமை பாதுகாப்பு ஆடிட். டெஸ்டிங் லேபில் எங்கள் நால்வருக்கும் சூப்பர்வைசர் மேரி அக்காவின் பயிற்சி.
"ஆடிட்டர் இன்னா கேட்டாலும், 'எல்லாம் சரியா இருக்கு சார், பிரச்சினை எதுவும் இல்ல.' எங்க, சொல்லு."
சொன்னேன்.
"சத்தமா. சிரிச்சிக்கினே. எலி மாதிரி கீச்சுன்னாத."
இருபது தடவை. பசை நெடியை இழுக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடி வெகுநாள் ஆகிறது. அதற்கும் இதே பதில்தான்.

மார்ச் 5, புதன்
நாளை பதினொன்றுக்கு வீடியோ நேர்காணல். வடக்கே ஓர் அணு இணைவு ஆய்வுக்கூடம், என் இயற்பியல் படிப்புக்கேற்ற ஆராய்ச்சி வேலை. மேரி அக்காவிடம் பல்வலி என்று பொய், அரை நாள் லீவு. வீட்டில் உண்மை. அப்பாவுக்கும் இதே கம்பெனி, தோல் வெட்டும் கட்டிங் பிரிவு. மேனேஜரிடம் நடையாய் நடந்து எனக்கு இந்த வேலையை வாங்கியவர்.
"இன்னா ஆராய்ச்சிம்மா?"
சூரியன் மாதிரி எரியும் உலை. அதைச் சுற்றி உருகிய ஈயமும் லித்தியமும் ஓடும். சூட்டை வாங்கிக்கொள்ளும், உலைக்கு எரிபொருளும் தரும். அதற்குப் பெயர் போர்வை என்றேன்.
"ஈயத்துல போர்வையா? யாரு போத்திக்கிறது?" சிரித்தார். பிறகு தட்டைப் பார்த்தபடி, "கெடச்சா போய்டுவியா? மேனேஜர் மூஞ்சில நான் எப்டி முழிக்கிறது?"
அவருக்குத் தண்ணீர் எடுத்து வைத்தேன்.
படித்தது: காந்தப்புலத்துக்குள் உலோகம் ஓடினால் அதிலேயே மின்சாரம் பிறக்கும். அந்த மின்சாரமே ஓட்டத்தைப் பிடித்து இழுக்கும். வேகம் கூடினால் பிடியும் கூடும். புத்தகத்தில் திரும்பத் திரும்ப அதே பக்கம்.

மார்ச் 6, வியாழன்
அம்மா மிக்ஸியை நிறுத்தினாள். திரையில் மூன்று பேர். முதல் கேள்விகள் பரவாயில்லை. கடைசியாகக் கண்ணாடி போட்ட மேடம்: இந்தப் போர்வையில் இன்னும் தீராத பிரச்சினைகள் என்னென்ன?
தெரியும். எல்லாம் தெரியும். நிமிர்ந்து, சிரித்து, சத்தமாக, ஆங்கிலத்தில்: எல்லாம் சரியாக இருக்கிறது மேடம், பிரச்சினை எதுவும் இல்லை.
யாரோ சிரிப்பை அடக்கினார். நன்றி என்றார்கள். திரை இருண்டது.
சொல்லியிருக்க வேண்டியவை:
– காந்தத்தின் பிடியைக் குறைக்கும் வழி
– குழாயின் உட்பூச்சு நியூட்ரான் அடியை எத்தனை வருடம் தாங்கும்
– ஈயம் எஃகை அரிக்கும் வேகம்
– பிறக்கும் டிரிடியத்தை, அதுதான் எரிபொருள், கசியாமல் பிரிப்பது
"முடிஞ்சுதா? மிக்ஸி போடட்டா?" அம்மா.

மார்ச் 7, வெள்ளி
புழுக்கம். ஆடிட்டர் நேராக என்னிடம்தான் வந்தார். இங்கே ஏதாவது பிரச்சினை உண்டா? பசை நெடி தொண்டையில். 'ஃபேன்' நாக்கு நுனி வரை. அவர் முதுகுக்குப் பின்னால் மேரி அக்காவின் கண்.
சொன்னேன். மேரி அக்காவின் பதிலையே, சிரித்தபடி. சத்தமாக.
மாலையில் மேனேஜர் அப்பாவின் தோளைத் தட்டி, "உன் பொண்ணு டக்குனு பதில் சொல்லிச்சிப்பா."
பஸ்ஸில் அப்பா ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்தார்.