மில்லுக்காரர் பெண்டாட்டி கேட்டது

மைனி,

பொங்கலுக்கு வீடு ஒதுக்கும்போது டிரங்குப் பெட்டிக்குப் பின்னாலிருந்து பீடி இலை வெட்டும் தகடு வந்தது. என்னுடையதுதான். மில் சம்பளம் வர ஆரம்பித்ததும் யார் கண்ணிலும் படக்கூடாதென்று நானே ஒளித்து வைத்தது. தூக்கிப் போட மனசு வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "என்னத்தே, தலை சுத்துதா?" என்றாள் மருமகள். ஆமாம் என்றேன். உன்னைப் பற்றி அவளிடம் எப்படிச் சொல்வது?

உனக்கும் எனக்கும் அப்போது ஒரே பிழைப்பு. மடியில் சொளவு, அந்த முறத்தில் பீடி இலையும் புகையிலைத் தூளும். நம் வீட்டுக்காரர்கள் இருவரும் சீசனில் குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவார்கள்; சீசன் முடிந்தால் கிடைத்த வேலை. ஒரு ஆனி மாதம் பிள்ளைகளோடு அருவியில் குளித்துவிட்டு, சாரலில் நனைந்துகொண்டு பாறையில் உட்கார்ந்திருந்தோம். நான்தான் ஆரம்பித்தேன்.

"ஒம் மவள எம் மவனுக்குத் தந்துருதியா?"

"இப்பமே கூட்டிட்டுப் போ, எனக்குச் சோறு மிச்சம்" என்று சிரித்தாய். அது விளையாட்டில்லை என்று நமக்குத் தெரியும். கொஞ்ச நாளில் ஊருக்கும் தெரிந்தது.

பிறகு என் வீட்டுக்காரருக்குப் பஞ்சாலையில் வேலை கிடைத்தது. பஞ்சப்படி என்றார்கள், தீபாவளிக்குப் போனஸ் என்றார்கள். சங்கம் கொடி பிடித்தால் சம்பளம் ஏறியது. அரிசி விலை ஏறினால் அதற்கும் ஏறியது. அதே அரிசியைத்தான் நீயும் வாங்கினாய். உன் பீடிக் கூலி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. கூட்டிக் கேட்டால், சுற்று சரியில்லை என்று பீடிக் கடைக்காரர் இரண்டு கட்டுப் பீடியைக் கழித்துவிடுவார். உன் வீட்டுக்காரரைவிட என்னவர் ஒன்றும் அதிகமாக உழைத்துவிடவில்லை. ஆனாலும் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

மகனுக்குக் கலியாண வயசு வந்தபோது நான் நகை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஊர் ஏசும். ரொம்ப நல்லவள் மாதிரி ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"மைனி, நிச்சயத்துக்கு முன்ன அவ பீடி சுத்துதத விட்டுரணும். மில்லுக்காரங்க வீட்டுக்கு வாற பிள்ள கையில தூள் வாடை அடிக்கப்படாது."

உன் வீட்டுக்காரர் படுக்கையில் கிடந்த வருஷம் அது. அவள் விரல் ஓடினால்தான் உன் வீட்டில் உலை கொதிக்கும். எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன். நீ சண்டைக்கு வரவில்லை.

"அவ கை நின்னா அடுப்பு நின்னுரும் மைனி. ஒரு வருசம் பொறுத்துக்கிடுதியா?"

நான் பொறுக்கவில்லை. இன்னொரு மில்லுக்காரர் வீட்டில் பெண் எடுத்தேன்.

கலியாணத்துக்கு நீ வந்தாய். வராமலே இருந்திருக்கலாம். பந்தி பரிமாறப் போகுமுன் புளி போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாய். என் முன்னால் வந்து இரண்டு கையையும் நீட்டி, "வாடை அடிக்கா மைனி?" என்றாய். குத்திக் காட்டுவதற்காக இல்லை, நிஜமாகவே கேட்டாய். அந்தக் கேள்விதான் இன்றும் என்னைத் துரத்துகிறது. "இல்ல, இல்ல" என்று சொல்லிவிட்டு, வந்தவர்களைக் கவனிக்கிற சாக்கில் நகர்ந்துவிட்டேன். அடுத்த ஐப்பசிக் காய்ச்சலில் நீ போய்ச் சேர்ந்தாய். மன்னிப்பு என்ற பேச்சை நான் எடுக்கவே இல்லை.

உன் மகள் இன்னும் பீடிதான் சுற்றுகிறாள். கலியாணம் ஆகவில்லை. நேற்று தென்காசிக் கோயில் வாசலில் எதிரே வந்தாள். "நல்லா இருக்கியளா அத்தே?" என்று முறை மாறாமல் கேட்டாள். நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன்.

சட்டென்று இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.